பிள்ளை கீறின படத்தில நீங்கள் பிரஷ் வைக்காதீங்கோ

போன கிழமையும் ஒண்டு நடந்திட்டுது, அதான் எழுதுறன். முல்லைத்தீவு புதுக்குடியிருப்புப் பக்கம் ஏஎல் (உயர்தரம்) சித்திரம் செய்யிற ஒரு பிள்ளை. கண்காட்சிக்கெண்டு செய்துவச்ச வேலையை "வடிவா இல்லை" எண்டு வீட்டுக்குத் தெரிஞ்ச ஒராள் இரவோட இரவாத் திருத்திக் குடுத்திருக்கிறார். திருத்தினதெண்டா என்ன, மேல நீல வானம், கரையில தென்னை, நடுவில அஸ்தமிக்கிற சூரியன். அதுவும் எனாமல் பெயின்றில! தின்னர் போட்டா கீழ இருக்கிறதும் சேந்து கரையும், இனி எடுக்கேலாது.

இவவை எனக்கு ஒன்பதாம் ஆண்டிலயிருந்து தெரியும். அப்ப கலண்டரைப் பாத்துத்தான் கீறுவா, நிழலெண்டா போத்தல் கறுப்பு. பிறகு கடும் நீலத்தையும் மண்ணிறத்தையும் கலந்து இருட்டு எடுக்கப் பழகினா, மெழுகுதிரியால கோடு இழுத்து மேல வாட்டர் கலர் ஓடவிட்டுப் பாத்தா. ஏஎல் வந்தாப் பிறகுதான் நெல்லுச் சாக்கு, வலை நூல், துணியில அரிச்சு பைண்டர் கம்மில குழைச்ச செம்மண் எண்டு ஒவ்வொண்டா உள்ள வந்தது. கடைசியா ஒரு பழைய தறப்பாள் துண்டு. அதில பெயின்ற் பிடிக்கேல்ல, காய்ஞ்சதும் பொருக்குப் பொருக்கா உரிஞ்சுது, திரும்பத் திரும்ப வீணாக்கி, பிறகு தானா உப்புத்தாளால உரஞ்சி அக்ரிலிக் வெள்ளை அடிச்சு பெயின்றை நிக்க வச்சா. ஏன் பிள்ளை இதையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய் எண்டு கேட்டன். "அம்மம்மா எறிய விடுறாவில்லை சேர்" எண்டா. அந்தத் தறப்பாளுக்கு மேலதான் இப்ப தென்னைமரம் நிக்குது.

எனக்கு விசர் வாற கதை எதெண்டா, "கீறத் தெரியாததுகள்தான் ஒட்டுறது" எண்டுறது. பெற்றோர் கூட்டத்தில கேட்டிருக்கிறன், படிச்ச ஆக்களும் சொல்லுறவை. பிக்காசோ 1912 இல ஸ்டில் லைஃப் ஒண்டில எண்ணெய்ச்சீலையை ஒட்டி, சுத்திவர உண்மையான கயிறையே சட்டமா வச்சவர், அந்தாள் பதினாறு வயசுக்குள்ளயே ஆக்களை உரிச்சு வச்சமாதிரி எண்ணெய் வர்ணத்தில கீறினவர், அவருக்குக் கீறத் தெரியாதோ? சாக்கின்ர சொரசொரப்பைப் பெயின்றால காட்டுறதோ சாக்கையே வைக்கிறதோ எண்டு முடிவெடுக்கிறதுக்கு முதல் அந்தச் சாக்கை நல்லாப் பாக்கவேணும், அந்தப் பார்வை கீறிக் கீறித்தான் வரும். போனில இருக்கிற படத்தை அச்சொட்டாக் கொப்பி அடிச்சா கை பழகும், வேற ஒண்டும் பழகாது. அதுக்காக பிறிஸ்டல் போட்டில மினுக்கத்தூளைக் கொட்டிப்போட்டு மிக்ஸ்ட் மீடியா (பல பொருளையும் கலந்து செய்யிற படம்) எண்டு கொண்டுவராதீங்கோ, அதுவும் எனக்குக் கோவம்.

நடுவர் வேலையும் பாக்கிறனான், பெரியாக்களின்ர கை உடன தெரியும். ஒரு மூலையில கோடு தடுமாறும், மற்ற மூலையில தடுமாறாது. நடக்கப் பழகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போட்டு அது முதலாவதா வந்ததெண்டு சொல்லுறமாதிரித்தான் இது.

இன்னொண்டு, இதில பகிடி இல்லை. பொருள் சேக்கிறதெண்டு பிள்ளையளைக் காட்டுக்கரை, குளக்கட்டு, பாழ்வளவுகளில இரும்பு பொறுக்க விடாதீங்கோ. எங்கட பக்கம் கண்ணிவெடி எடுக்கிற வேலை இன்னும் முழுசா முடியேல்ல. சிவப்புப் பலகை நட்ட இடத்துக்குக் கிட்டவும் போகக்கூடாது, பலகை இல்லாத இடத்திலயும் தெரியாத இரும்பைத் தொடாமல் வந்த வழியால திரும்பி வந்து பொலிஸ் 119 க்குச் சொல்லுங்கோ. ஆசிரியர்மாரே, ஒப்படை குடுக்கேக்க வீட்டுக்குள்ள இருக்கிற பொருளெண்டு வாயால சொல்லிக் குடுங்கோ.

ஒட்டுறதுக்கு மாப்பசை வேண்டாம், பூச்சி வரும். பேப்பர் வெட்டி ஒட்டினா மஞ்சளாகும், அது வேணுமெண்டா ஒட்டுங்கோ. பச்சை ஓலையை அப்பிடியே ஒட்டாதீங்கோ, காயேக்க சுருண்டு எழும்பும். ஸ்பிரே அடிக்கிறதெண்டா முத்தத்தில. பழைய சித்திரக் கொப்பியளைத் தயவுசெய்து கடைக்கு எடைக்குப் போடாதீங்கோ, ஒன்பதாம் ஆண்டுக் கொப்பியைப் பக்கத்தில வச்சாத்தான் பிள்ளைக்கே தான் எங்க வந்திருக்கிறனெண்டு தெரியும். மாரி துடங்கினா படங்களைச் சுவரோட ஒட்டிச் சாத்தி வைக்காதீங்கோ, பூஞ்சணம் பிடிக்கும், வெயில் கண்ட நாளில எடுத்து நிழலில காத்தாட விடுங்கோ.