இலைமேல் ஏறும் புழுதியும் இட்டேரி வேலியும்

மாசி மாதக் கடைசியில் பல்லடத்துக்குத் தெற்கே ஓர் எலுமிச்சைத் தோப்பைப் பார்க்கப் போயிருந்தேன். "ஏனுங்க சார், நுண்ணூட்டம் ரெண்டு தடவ அடிச்சுப் போட்டேனுங்க, எல வெளுத்தே கெடக்குது" என்றார் தோட்டக்காரர். தோப்பை ஒட்டிய மண் தடத்தில் கல் குவாரி லாரிகள் போய்வந்துகொண்டிருந்தன. துண்டின் நுனியை நனைத்து ஓர் இலையின் பாதியை மட்டும் துடைத்துக் காட்டினேன். துடைத்த பாதி நல்ல பச்சையாக இருந்தது. துடைக்காத பாதியில் திருநீறு பூசியதுபோல வெண்புழுதி அப்பியிருந்தது. உள்ளே ஐந்தாவது வரிசைக்குப் போனபோது மரங்கள் துடைக்காமலேயே பச்சையாக நின்றன.

தோட்டக்கலை ஆலோசனைக்காகப் போகும் இடங்களில் புழுதியால் வரும் வெளுப்பைச் சத்துக் குறைபாடு என்று எண்ணிவிடும் இந்தக் குழப்பத்தை நான் அடிக்கடி காண்கிறேன். சத்துக் குறைபாடு பெரும்பாலும் மண்ணின் போக்கை ஒட்டித் திட்டுத்திட்டாகத் தெரியும். வெளுப்பு தடத்தை ஒட்டிய வரிசைகளில் மிகுந்து, உள்ளே போகப்போகக் குறைந்தால், மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் ஈரத் துணியால் ஓர் இலையைத் துடைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

புழுதிப் படலம் வெளிச்சத்தை மறைப்பதால் இலை உணவு தயாரிப்பது குறைகிறது என்பது எளிதில் புரியும். வெயிலின் வெப்பத்தையும் அதுவே உறிஞ்சிக்கொள்வதால், புழுதி படிந்த இலை சுத்தமான இலையைவிடச் சூடாகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மா, கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றுக்கு இலைத்துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆயினும் லாரி கிளப்பும் புழுதி சுழன்று அடிப்பக்கத்துக்கும் ஏறுகிறது. துளையில் நுண்துகள் சிக்கிக்கொண்டால் அது முழுதாக மூடாது. ஆகவே தண்ணீர் குறைந்த கோடையில்தான் மரம் தண்ணீரைக் கூடுதலாக இழக்கிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது, இலைச்சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய உயிரியான சிலந்திப்பேன். அன்றைக்கு உருப்பெருக்கிக் கண்ணாடியை இலைமேல் வைத்தபோது, நடு நரம்பை ஒட்டி அவை ஊர்வது தெரிந்தது. வெப்பமும் வறட்சியும் அவற்றுக்குத் தோதானவை. அவற்றைத் தின்னும் இரைவிழுங்கிப் பேன்களுக்கும் பொறிவண்டுகளுக்கும் புழுதியில் நடமாடி இரைதேடுவது சிரமம். 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் தென்னையில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ இன்று கொய்யாவிலும் சப்போட்டாவிலும் காணப்படுகிறது. அதைக் கட்டுப்படுத்த நாம் நம்பியிருக்கும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவிக்கும் இதே தொல்லைதான். வெள்ளை ஈ கழிக்கும் தேன் போன்ற பிசுக்கில் புழுதி ஒட்டி, அதன்மேல் கரும்பூசணமும் படர்ந்துவிட்டால், சாதாரண மழைக்கு அந்த அழுக்கு போகாது. அந்த நிலையில் பூச்சிமருந்து அடித்தால் மருந்தின் பெரும்பகுதி புழுதியில் படிந்து வீணாகிறது. மிச்சமோ நன்மை செய்யும் பூச்சிகளைக் கொல்கிறது.

புழுதிக்குப் புழுதி குணமும் மாறும். கருங்கல் ஜல்லித் தூள் இலையை உராய்ந்து சிராய்க்கும். சிமெண்ட், சுண்ணாம்புக்கல் தூள் காரத்தன்மை உடையது. மார்கழி, தைப் பனியில் நனைந்து காய்ந்தால் ஓடுபோல் இறுகிவிடும். அது ஆண்டுக்கணக்கில் மண்ணில் சேர்ந்தால், ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த நம் மண்ணில் இரும்புச்சத்தும் துத்தநாகமும் வேருக்கு மேலும் கிட்டாமல் போகும். அப்படிப்பட்ட இடத்தில் மண் பரிசோதனை செய்யாமல் உரத்தை மாற்றக் கூடாது.

இலையைக் கழுவுவதுதான் உடனடி வழி. விசைத்தெளிப்பான் கொண்டு, அடிப்பக்கமும் நனையும்படி, காலை எட்டு மணிக்குள் தண்ணீர் அடிக்கலாம். மாலையில் அடித்தால் இரவெல்லாம் ஈரம் நின்று பூசணம் வர வழியாகும். மாமரம் பூத்திருக்கும் தை, மாசியில் பூங்கொத்தின்மேல் தண்ணீரைப் பீய்ச்சவே கூடாது; மகரந்தம் போய்விடும். உப்பேறிய போர்த் தண்ணீராக இருந்தால், புழுதி போன இடத்தில் உப்புப் படிந்து இலை விளிம்பு கருகுவதையும் பார்த்திருக்கிறேன்; அத்தகைய தோட்டத்தில் மழைநீர் சேமித்த பண்ணைக்குட்டைத் தண்ணீரே மேல்.

நிலையான தடுப்பு நம் ஊரில் முன்பே இருந்தது. தோட்டங்களுக்கு நடுவே போகும் மண் தடமான இட்டேரியின் இருபுறமும் கிளுவையும் கள்ளியும் அடர்ந்து, கோவைக்கொடியும் பிரண்டையும் பின்னிக் கிடந்தன. தடத்தை அகலப்படுத்துவதற்காக அவற்றைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போட்டோம். கம்பிவேலி புழுதியை நிறுத்தாது. மதில் கட்டினாலும் காற்று அதைத் தாண்டிக் குதித்து, மறுபுறம் சுழன்று புழுதியைக் கொட்டும். காற்றைப் பாதி விட்டுப் பாதி தடுக்கும் உயிர்வேலிதான் அதன் வேகத்தைக் குறைத்துத் துகள்களைத் தன் இலையில் வாங்கிக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றுக்கு மேற்கு ஓரத்திலும், தை, மாசியில் வீசும் கீழ்க்காற்றுக்குக் கிழக்கு ஓரத்திலும் வேலி வேண்டும். லாரிக்காரரை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. பங்குனியில் வரிசை இடைவெளியை ரோட்டவேட்டர் என்னும் சுழல்கலப்பை கொண்டு பொடியாக உழுது புழுதி கிளப்புபவர்கள் நாமேதான். அந்த மாதங்களில் புல்லை வெட்டி அங்கேயே மூடாக்காகப் போட்டுவிடலாம்.

பல்லடத்துத் தோட்டக்காரர் நுண்ணூட்டத் தெளிப்பை நிறுத்திவிட்டு, தடத்தோரம் முழுக்கக் கிளுவைப் போத்து (வெட்டி நட்டால் துளிர்க்கும் கிளை) நட்டிருக்கிறார். அது அடர்ந்து வர இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை தடத்தை ஒட்டிய நான்கு வரிசைகளுக்கும், மழை இல்லாத மாதங்களில், பதினைந்து நாளுக்கொரு முறை தண்ணீர் அடிப்பதாக ஏற்பாடு.