கையில் நாலு வெள்ளி, நாலு நிறம்

அண்ணன் மகள் இடது கையில் நாலு வெள்ளி பிரேஸ்லெட் அடுக்கிப் போடுகிறாள். தட்டைக் காப்பு ஒன்று, முறுக்குக் காப்பு ஒன்று, மெல்லிய சங்கிலி ஒன்று, அப்புறம் பள்ளமெல்லாம் கறுப்பேற்றிய பூவேலை வளையம் ஒன்று. போன மாதம் கையை நீட்டி, "அத்தை, எல்லாமே 925 தான், ஒரே கடைதான். பின்ன ஏன் தட்டைக் காப்பு பளிச்சுனு இருக்கு, முறுக்கு மஞ்சளா இருக்கு, சங்கிலி ஊதாவா இருக்கு?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து என் அம்மா, "கண்ணு பட்டிருக்கும்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். கண் பட்டதோ இல்லையோ, காலையில் அவள் உரித்த அவித்த முட்டை பட்டிருக்கிறது.

925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி ரொம்ப மிருது, கையில் போட்டால் நெளிந்துவிடும், அதற்காகத்தான் செம்பு. வெள்ளி சாதாரணமாக ஆக்சிஜனைச் சட்டை செய்வதில்லை, ஆனால் கந்தகத்தைக் கண்டால் விடாது. காற்றில் ஒரு லட்சம் கோடி மூலக்கூறுக்குச் சுமார் 500 என்ற கணக்கில் கார்பனைல் சல்பைடு என்ற கந்தக வாயு இருக்கிறது, சாக்கடைப் பக்கம் போனாலோ முட்டையை அவித்தாலோ ஹைட்ரஜன் சல்பைடு என்ற இன்னொன்று. கூடவே கொஞ்சம் ஈரம். இது போதும், வெள்ளியும் கந்தகமும் சேர்ந்து மேற்பரப்பில் வெள்ளி சல்பைடாகப் படிய ஆரம்பித்துவிடும். நகையை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி பீரோவில் வைக்கிறவர்கள் கவனிக்க: ரப்பரை இறுக்குவதே கந்தகம்தான்.

வெள்ளி சல்பைடு கறுப்பு. அப்படியானால் அந்த மஞ்சளும் ஊதாவும் எங்கிருந்து வந்தன? எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அந்தப் படலம் முதலில் சில பத்து நானோமீட்டர்தான் இருக்கும், தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. வெளிச்சம் வந்து விழும்போது கொஞ்சம் படலத்தின் மேல்பக்கத்திலேயே திரும்பிவிடுகிறது, மீதி உள்ளே புகுந்து அடியிலிருக்கும் வெள்ளியில் பட்டுத் திரும்புகிறது. இரண்டாவது அலை கூடுதல் தூரம் நடந்து வருவதால் முதல் அலையோடு அடி சேராமல் போகிறது, எந்த நிறத்துக்கு அடி நேரெதிராக விழுகிறதோ அந்த நிறம் மங்கிப்போகிறது. அலைநீளம் குறைந்தது நீலம், அதனால் படலம் மெல்லியதாக இருக்கும்போது முதலில் அடிபடுவது அதுதான், நீலம் போனால் மிச்சம் மஞ்சள். படலம் தடிக்கத் தடிக்க பச்சை மங்குகிறது, அப்போது ஊதா, பிறகு சிவப்பும் மங்கி நீலம் திரும்ப எட்டிப் பார்க்கிறது. இன்னும் தடித்தால் வெளிச்சம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், வெறும் கறுப்பு. சோப்புக் குமிழியில் பார்க்கிற அதே விளையாட்டுதான். அவள் கையில் அடுக்கியிருந்தது நாலு நகை மட்டுமல்ல, நாலு கனமும்தான்.

கனம் ஏன் வேறுபட்டது? உரசல். வெளிப்பக்கம் இருக்கிற தட்டைக் காப்பு மேஜையிலும் சட்டைக் கையிலும் தேய்ந்துகொண்டே இருக்கிறது, படலம் படியப் படியப் போய்விடுகிறது. சங்கிலியின் கண்ணிகளுக்குள் எதுவும் தேய்க்காது, வியர்வை ஈரமும் அங்கேயே தங்கும். தினமும் போடும் வெள்ளியைவிட அலமாரியில் கிடக்கும் வெள்ளி சீக்கிரம் கறுப்பதும் இதனால்தான். இந்த உரசலை நல்லது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், எஃகுப் பட்டை வாட்சை அதே கையில் கட்டினால் காப்பு முழுக்கக் கீறல் விழும், எஃகு வெள்ளியைவிடக் கடினம்.

சரி, சுத்தம் பண்ணித் தருகிறேன் என்று கிளம்பினேன். அலுமினியத் தாளைப் பாத்திரத்தில் விரித்து, நாலையும் அது தொடும்படி வைத்து, ஆப்ப சோடாவைத் தூவி, கொதிநீரை ஊற்றினேன். இது ஒரு குட்டி மின்கலம். அலுமினியம் எலக்ட்ரானைக் கொடுக்கிறது, கந்தகம் வெள்ளியை விட்டுப் போகிறது, வெள்ளி நகையிலேயே நின்றுவிடுகிறது. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அந்த வெள்ளியையும் சேர்த்துத்தான் சுரண்டி எடுக்கிறோம். லேசாக அழுகின முட்டை வாசம் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். நடந்தது. பூவேலை வளையத்தின் கறுப்பும் சேர்ந்து போய்விட்டது.

கடைக்காரர்கள் அதை "ஆக்ஸிடைஸ்டு" என்கிறார்கள். அதில் ஆக்சிஜனுக்கு வேலையே இல்லை, கந்தக உப்பில் முக்கி வேண்டுமென்றே ஏற்றிய அதே சல்பைடு. மூன்று நகையில் அழுக்கு, நாலாவதில் அலங்காரம். பாத்திரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. உலோகம் அரிப்பதும் கறுப்பதும் அங்கே ஆராய்கிற விஷயம். ராக்கெட் ஏறினால் ஊரே கைதட்டுகிறோம், துருவுக்கு யார் கைதட்டுகிறார்கள்? பாலம், குழாய், கப்பல் என்று துரு தின்பதைக் கணக்குப் பார்த்தாவது இந்தத் துறைக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

வளையத்துக்கு வருகிறேன். இரண்டு முட்டையை வேண்டுமென்றே ரொம்ப நேரம் அவித்தேன். அப்படி அவித்தால் வெள்ளைக்கருவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வரும், மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் விழுகிறதே, அதுவும் இதன் வேலைதான். சூட்டோடு மசித்து, மூடி போட்ட டப்பாவில் வளையத்தோடு வைத்தோம். முதலில் மஞ்சள் ஏறியது, பிறகு செம்பு நிறம், பிறகு ஊதா. கறுப்பு வரட்டும் என்று நான் காத்திருக்க, நீலம் தெரிந்ததுமே அவள், "போதும் அத்தை, எடுங்க எடுங்க!" என்று டப்பாவைப் பிடுங்கிவிட்டாள்.

இப்போது பூவின் மேடெல்லாம் வெளுத்துவிட்டது, பள்ளத்தில் மட்டும் நீலம் நிற்கிறது. தட்டைக் காப்பை அதன் பக்கத்தில் போடாமல் சங்கிலிக்கு அந்தப் புறம் மாற்றியிருக்கிறாள்.