சதுர பிளாக் இருந்தால் வாங்காதீர்கள்

"தம்பி, பழைய பிளேனர் ஒண்ணு கிடைச்சிருக்கு. இப்ப வர்ற தகர டப்பா மாதிரி இல்ல, முழுக்க வார்ப்பிரும்பு. ஒரு எட்டு வந்து பாரேன்" என்று லீட்ஸ் பக்கம் இருக்கும் ஓர் அண்ணன் கூப்பிட்டார். பிளேனர் என்றால் மரத்தை இழைத்துச் சமமாக்கும் மெஷின். இங்கிலாந்தில் இப்படி மரவேலை மெஷின்களைப் பழுது பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. இப்படி ஒரு அழைப்பு அடிக்கடி வரும். பாதி நேரம் அண்ணன்மார் பணத்தைக் கட்டிய பிறகுதான் கூப்பிடுவார்கள். இவர் முன்னாலேயே கூப்பிட்டுவிட்டார்.

மெஷின் ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடந்தது. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு துளைகள் மட்டும். தூசியைத் தட்டியதும் வார்ப்பில் ஹாலிஃபாக்ஸ் என்ற ஊர்ப்பெயர் தெரிந்தது. மேற்கொண்டு பெயின்ட்டைச் சுரண்டவில்லை. அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும். உலர்ந்த பெயின்ட்டைத் தேய்த்துத் தூளாக்கி மூச்சில் இழுக்கவே கூடாது.

வாட்கின் என்றால் கவலையில்லை. 1897இல் லெஸ்டரில் தொடங்கிய கம்பெனி. அதன் மெஷின்களுக்கு இன்றும் கையேடு கிடைக்கும், பேரிங் அளவு சொல்ல ஆள் இருக்கிறது. ஹாலிஃபாக்ஸில் சாகர், டொமினியன், பக்கத்து ராச்டேலில் தாமஸ் ராபின்சன் என்று வேறு பல பேரும் செய்தார்கள். அதிகம் வெளியே தெரியாத கம்பெனி, அதிலும் பெயரே இல்லாத மெஷின் என்றால் கையேட்டை நம்ப முடியாது. நம் கண்தான் கையேடு.

அண்ணன் மேசையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு." இருந்தது, பொய்யில்லை. நான் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மேசைக்கு நடுவே சுழலும், கத்தி பூட்டிய பிளாக்கைக் கையால் மெல்லத் திருப்பினேன். நான்கு தட்டையான முகம். சதுர பிளாக்.

இதை ஏன் கையால் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், ஓடும்போது சதுரமும் வட்டமாகத்தான் தெரியும். நிறுத்திப் பார்த்தால்தான் விஷயம் புரியும். மூலை மேலே வரும்போது மேசை விளிம்புக்கும் பிளாக்குக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம்தான். தட்டை முகம் மேலே வரும்போது அங்கே ஒரு பள்ளம் திறக்கிறது. என் கட்டைவிரல் முழுசாக இறங்கியது. மரம் துள்ளி, கை நழுவி அந்தப் பள்ளத்தில் விழுந்தால் அடுத்த மூலை வந்து விரலை உள்ளே இழுத்துவிடும். உருண்டை பிளாக்கில் பள்ளத்துக்கு இடமில்லை. அதிலும் காயம் படும், ஆனால் விரல் நுனியோடு நிற்க வாய்ப்பு உண்டு. இது நான் கண்டுபிடித்த ஞானம் இல்லை. கையால் தள்ளி இழைக்கும் பிளேனரில் உருளை வடிவ பிளாக்தான் இருக்க வேண்டும் என்று பிரிட்டனில் 1922லேயே விதி வந்துவிட்டது. நூறு வருஷம் கழித்தும் கொட்டகைகளில் சதுரம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"புதுசா உருண்டை பிளாக் போட்டுக்கலாமே?" என்றார். போடலாம். அளவெடுத்துக் கடைந்து, பேலன்ஸ் பார்த்து, பேரிங் மாற்றி முடிக்கும்போது, உருண்டை பிளாக் உள்ள நல்ல பழைய மெஷினே வாங்கிவிடலாம்.

அடுத்தது மோட்டார். இங்கேதான் தாங்களே வேலை பார்த்துக்கொள்பவர்கள் அதிகம் தவறு செய்கிறார்கள். இந்த மெஷின்கள் 415 வோல்ட் மூன்று ஃபேஸுக்குச் செய்தவை. வீட்டில் இருப்பது 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ். உடனே கையில் கிடைத்த மோட்டாரை மாட்டிவிடுவார்கள். பழையது நிமிடத்துக்கு 1440 சுற்று, புதியது 2800 சுற்று என்று வையுங்கள். பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியை மாற்றாமல் விட்டால் 4300இல் ஓட வேண்டிய பிளாக் 8400இல் ஓடும். வேகம் இரட்டித்தால் கத்தியை வெளியே தள்ளும் விசை இரட்டிக்காது, நான்கு மடங்காகும். கத்தியைப் பிடித்திருப்பது சில போல்ட்டுகள், அவையும் எத்தனை முறை முறுக்கப்பட்டவையோ! ஆகவே மோட்டார் தகட்டில் சுற்று எண்ணிக்கையைப் படியுங்கள், இரண்டு புல்லியின் விட்டத்தையும் அளந்து கணக்குப் போடுங்கள். ஒற்றை ஃபேஸை மூன்று ஃபேஸாக்கும் இன்வெர்ட்டர் மாட்டுவதென்றால், மோட்டார் சுருள்களின் இணைப்பை ஸ்டார் முறையிலிருந்து 230 வோல்ட்டுக்கான டெல்டா முறைக்கு மாற்ற முடியுமா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். பல பழைய மோட்டார்களில் மூன்று சுருளும் சேரும் ஸ்டார் முடிச்சு சுருளுக்குள்ளேயே புதைந்திருக்கும், எளிதில் மாற்ற முடியாது.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாக: இன்று பிரிட்டிஷ் பட்டறைகளுக்குச் சொல்லப்படும் அளவு, சுவிட்சை அணைத்தால் பத்து வினாடிக்குள் நிற்க வேண்டும். இந்த வயதான இரும்புகளில் பல, அணைத்த பிறகும் நிமிடக் கணக்கில் சத்தமில்லாமல் சுற்றும். சத்தமில்லாததுதான் ஆபத்து, நின்றுவிட்டது என்று நினைத்து சீவலைத் தட்டக் கை நீட்டுவோம்.

அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. திரும்பி வரும் வழியில் டீ வாங்கிக் கொடுத்தார், ஆனால் பேசவில்லை. போன மாதம் வேறொரு மெஷினின் படங்களை அனுப்பியிருந்தார். மேசையின் பளபளப்பு மூன்றாவது படத்தில்தான் இருந்தது. முதல் படம் பெல்ட் கழற்றிய பிளாக், பக்கவாட்டிலிருந்து, டார்ச் அடித்து எடுத்தது.