ஒப்பெரா மாளிகையில் யார் குடியிருக்கிறார்கள்?

கொழும்பில் அச்சான சுற்றுலாத் துண்டுப்பிரசுரம் ஒன்றில், ‘பலேர்மோ நகரின் புகழ்பெற்ற ஒப்பேரா மாளிகைக்கு விஜயம்’ என்ற வரியை அண்மையில் வாசித்தேன். சிட்னியில் இருப்பதும் மாளிகை, பாரிஸில் இருப்பதும் மாளிகை, மும்பையில் இருப்பதும் மாளிகை என்று பல காலமாக வாசித்துச் சலித்தவனுக்கு, இத்தாலியின் பலேர்மோவில் நேரில் பார்த்த கட்டடமும் மாளிகையானபோது பொறுக்க முடியவில்லை.

ஒப்பெரா என்ற சொல்லின் பிறப்பு எளிது. இலத்தீனில் ‘ஓபுஸ்’ என்றால் வேலை. ‘ஓபெரா’ அதன் பன்மை. இத்தாலியத்தில் அது ஒருமையாகிப் ‘படைப்பு’ என்று பொருள்பட்டு, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபுளோரன்ஸில் தோன்றிய, வசனத்தையும் பாடியே நடிக்கும் நாடக வகைக்குப் பிற்பாடு பெயராயிற்று. பணம் கொடுத்தவர் எவரும் நுழையக்கூடிய முதல் ஒப்பெரா அரங்கு 1637இல் வெனிஸில் திறக்கப்பட்டது.

சிக்கல் அதனோடு ஒட்டிக்கொண்ட ‘ஹவுஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லில் இருக்கிறது. அகராதியைத் திறக்கும் மொழிபெயர்ப்பாளர் வீடு, இல்லம், மாளிகை என்ற மூன்றையும் பார்த்துவிட்டு, கட்டடத்தின் தூண்களுக்கு ஏற்றதென்று மாளிகையைத் தேர்ந்துகொள்கிறார். கொழும்பில் இருப்பவருக்கு மாளிகை என்றால் ஜனாதிபதி மாளிகை, அலரி மாளிகை. அதாவது பெரிய மனிதர் குடியிருக்கும் இடம். இல்லம் என்று எழுதுபவரும் உண்டு. முதியோர் இல்லம், சிறுவர் இல்லம் என்று பழகிய காதுக்கு ‘ஒப்பேரா இல்லம்’ என்பது ஓய்வுபெற்ற பாடகர்களைப் பராமரிக்கும் இடமாகவே கேட்கும்.

இந்தத் தவறைச் சினிமாச் சுவரொட்டி எழுதுபவர்கள்கூடச் செய்ததில்லை. ‘ஹவுஸ்ஃபுல்’ என்பதை அவர்கள் ‘அரங்கு நிறைந்த காட்சிகள்’ என்றும், எங்கள் பத்திரிகைகள் ‘மண்டபம் நிறைந்த காட்சிகள்’ என்றும் எழுதினார்களே தவிர, ‘மாளிகை நிறைந்த காட்சிகள்’ என்று எழுதியவரை நான் கண்டதில்லை. மருதானையில் 1911இல் திறக்கப்பட்டு, பாடி நடிக்கும் சிங்கள நூர்த்தி நாடகங்களுக்குப் பேர்போன டவர் மண்டபமே எங்கள் நகரில் ஒப்பெரா அரங்குக்கு ஓரளவாவது கிட்ட வருவது. அதையும் ஒருவரும் டவர் மாளிகை என்பதில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ‘எழுகோல் அகலத்து எண்கோல் நீளத்து’ என்று அளவு சொல்லிவைத்த அரங்கு என்ற சொல் கையில் இருக்க, குடியிருப்புச் சொல்லை ஏன் இரவல் வாங்க வேண்டும்?

பிரசுரத்தை அச்சிட்டவரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். “அரங்கு எண்டு போட்டால் சனம் படம் பாக்கிற இடம் எண்டு நினைச்சிடும் ஐயா” என்றார். அவருடைய வியாபாரம் அவருக்கு. ஆனால் பலேர்மோவில் என்னை அங்கே கூட்டிச்சென்ற மருமகள், “மாமா, தெயாத்ரோவைப் பாத்திட்டு வருவம், வாங்கோ” என்றுதான் சொன்னாள். அந்த ஊர்த் தமிழர் வாயில் அது தெயாத்ரோ. இத்தாலியர் வாயிலும் அதுவே. ‘தெயாத்ரோ மாஸ்ஸிமோ’ என்றால் ‘மிகப் பெரிய அரங்கு’. இத்தாலியர் வைத்த பெயரில் வீடும் இல்லை, மாளிகையும் இல்லை.

1897இல் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ஃபால்ஸ்டாஃப் ஒப்பெராவோடு திறக்கப்பட்ட அந்த அரங்கைத் திருத்த வேலைக்கென்று 1974இல் பூட்டியவர்கள் 1997இல்தான் திறந்தார்கள். (நம்மூர் வீதித் திருத்தங்களை நான் இனிக் குறை சொல்லப்போவதில்லை.) வாசற்படியின் இருபுறமும் வெண்கலச் சிங்கங்கள் நிற்கின்றன. உள்ளே குதிரைலாட வடிவில் ஐந்து அடுக்கு மாடங்கள், அவற்றுக்கும் மேலே ஒரு வரிசை. அண்ணாந்து பார்த்தால், வெப்பக் காற்று வெளியேறுவதற்காக இதழ் இதழாகத் திறக்கும் விதானம். ஒலிவாங்கி இல்லாமல் பாடும் குரல் கடைசி இருக்கைவரை போய்ச் சேரவும், அடைந்திருக்கும் சனம் வியர்த்துப்போகாமல் இருக்கவும் செய்த ஏற்பாடுகள் இவை. மாளிகைக்கு இவை எதற்கு?

இனி, ஒப்பெராவையே ‘இசை நாடகம்’ ஆக்குவோரிடம் வருகிறேன். தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டு, ஆனால் யாழ்ப்பாணத்தில் இசை நாடகம் என்பது ஏற்கெனவே ஆள் இருக்கும் வீடு. நடிகமணி வைரமுத்து அரிச்சந்திர மயான காண்டத்தில் ஹார்மோனியத்தோடு பாடி நடித்ததற்குப் பெயர் அது. அங்கே நடிகர் மனம் வைத்தால் ஒரு விருத்தத்தை விரும்பியவரை நீட்டலாம். ஒப்பெராவில் இசையமைப்பாளர் தாளில் எழுதிவைத்ததுதான் எல்லை, மேடைக்கு முன்னே பள்ளத்தில் அமர்ந்திருக்கும் வாத்தியக் குழு காத்திருக்காது. எங்கள் கூத்தை ஆங்கிலத்தில் ‘கிராமிய ஒப்பெரா’ என்று எழுதினால் முகம் சுளிக்கும் நாங்கள், அவர்களுடைய கலைக்கு எங்கள் கலையின் பெயரைச் சூட்டுவது எப்படி நியாயமாகும்? ஆகவே கலை ஒப்பெராவாகவே இருக்கட்டும், கட்டடம் ஒப்பெரா அரங்கு ஆகட்டும்.

எழுத்துக்கூட்டலிலும் ஒரு வார்த்தை. ‘ஓபரா’ என்று எழுதினால் இடையில் நிற்கும் பகரம் மெலிந்து ஒலிக்கும். ‘ஒப்பேரா’ என்பதில் பகரம் சரி, ஏகாரம் வீணாக நீள்கிறது. இத்தாலியர் முதல் எழுத்தில்தான் அழுத்துகிறார்கள், நடுவெழுத்தில் அல்ல. அதனால்தான் நான் ஒப்பெரா என்று குறிலில் எழுதுகிறேன்.