நழுவிய முள்ளெலும்பை ஒட்டவைப்பது எது?

"அம்மாவுக்கு முதுகெலும்பு நழுவியிருக்கிறது. ஒரு டாக்டர் முதுகு வழியாக ஃப்யூஷன் என்கிறார், இன்னொருவர் வயிற்று வழியாக என்கிறார். எது நல்லது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இது டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை) பிதுங்குவது அல்ல. ஒரு முள்ளெலும்பே கீழுள்ளதன் மேல் முன்னால் சரிந்துவிடுவது. இளவயதில் முள்ளெலும்பின் பின்வளையம் விரிசல் விடுவதால் வரும். வேகப்பந்து வீச்சாளர்களிடம் இந்த விரிசல் அதிகம். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, மூட்டுத் தேய்மானத்தால் வரும். கால்வாசிக்குள் சரிந்திருந்தால் முதல் கிரேடு, அரைவாசி வரை இரண்டாவது.

ஃப்யூஷன் என்றால் அந்த இரண்டு எலும்புகளையும் ஒன்றாக்குவது. முதுகு வழியாகப் போகும் முறைகளில் பழைய பி.எல்.ஐ.எஃப்., நரம்புப் பையை இருபுறமும் விலக்கி டிஸ்க்கை எடுக்கிறது. டி.எல்.ஐ.எஃப்.பில் ஒரு பக்க மூட்டை எடுத்துவிட்டுச் சாய்வாக நுழைவதால் நரம்பை அவ்வளவாக இழுக்க வேண்டியதில்லை. வயிற்று வழியில் முதுகுத் தசைக்குச் சேதமில்லை, டிஸ்க் இருந்த இடத்தைத் தாங்கும் கூண்டான கேஜைப் பெரிதாக வைக்கலாம்; ஆனால் பெரிய ரத்தக் குழாய்களை ஒதுக்கியாக வேண்டும். உடலின் பக்கவாட்டிலிருந்தும் போகலாம், ஆனால் கடைசி டிஸ்க்கை இடுப்பெலும்பு மறைத்துக்கொள்ளும்.

எந்த வழியில் போனாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். டிஸ்க்கை எடுத்ததும், எலும்பின் முகத்திலுள்ள குருத்தெலும்பைப் பொட்டுப் பொட்டாக ரத்தம் கசியும்வரை சுரண்டுவார்கள். அதிகம் சுரண்டினால் கேஜ் எலும்புக்குள் புதைந்துவிடும். குறைவாகச் சுரண்டினால் எலும்பு ஒட்டாது, ஏனென்றால் அந்த ரத்தத்தோடுதான் மஜ்ஜையின் மூலச்செல்கள் வருகின்றன. நடுவில் நோயாளியின் எலும்புத் துணுக்குகளை நிரப்புகிறார்கள். அவற்றின் செல்களில் பெரும்பாலானவை செத்துப்போகும். ஆனால் துணுக்கில் புதைந்திருக்கும் புரதம் சும்மா இருப்பதில்லை, புது எலும்பு வளரத் தூண்டுகிறது. 1965-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், தாது நீக்கிய எலும்பை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். தசைக்குள்ளேயே புது எலும்பு வளர்ந்தது! எலும்பு தின்னும் செல்கள் அமிலம் சுரந்து பழைய துணுக்கைக் குடைகின்றன, அந்தக் குடைவுக்குள் ரத்த நாளம் நுழைகிறது, பின்னாலேயே எலும்பு கட்டும் செல்கள் வந்து கொலாஜன் பரப்புகின்றன. இது முடிய ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும்.

அதுவரை இரண்டு எலும்புகளையும் பிடித்துவைக்கும் ஸ்க்ரூவும் கம்பியும் கான்கிரீட் இறுகும்வரை நிற்கும் சென்ட்ரிங் மாதிரிதான். எலும்பு கூடாமல் போனால் ஸ்க்ரூ என்றைக்காவது தளரும், அல்லது உடையும். புகைபிடிப்பதை நிறுத்தச் சொல்வது இதற்காகத்தான்: நிகோடின் அந்தக் குட்டி ரத்த நாளங்களைச் சுருக்கிவிடும்.

வழியைவிடப் பெரிய கேள்வி, ஃப்யூஷனே தேவையா என்பது. தேய்மானத்தால் ஓரிடத்தில் நழுவிய 267 பேரை வைத்து நார்வேயில் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. நரம்பின் அழுத்தத்தை மட்டும் நீக்கியவர்கள், ஃப்யூஷனும் சேர்த்துச் செய்துகொண்டவர்களுக்குக் குறையாமல் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் தேறியிருந்தார்கள். 2016-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஃப்யூஷனுக்குச் சிறிது சாதகம் தெரிந்தது. "ஸ்க்ரூ வேண்டுமா?" என்ற கேள்விக்கு ஸ்க்ரூ விற்பவர்கள் பணம் போடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. நம் நோயாளிகளை வைத்து இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு அரசுதான் நிதி ஒதுக்க வேண்டும் என்பேன்.

அம்மாவின் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேக்களில் அந்த எலும்பு நகர்கிறதா, இல்லை ஒரே இடத்தில் நிற்கிறதா? அதிகம் நகர்ந்தால் ஃப்யூஷன் பக்கம் நியாயம் கூடும். கால் பலவீனமாகிக்கொண்டே போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.