கஷாயம்: துவர்ப்பும் குடிநீரும்

கஷாயம் என்று சொன்னாலே நம்மில் பலருக்கு முகம் சுளித்துவிடும். கசப்பும் கஷாயமும் ஓசையில் ஒத்திருப்பதால், கசக்கிறது என்பதால்தான் அதற்குக் கசாயம் என்று பெயர் வந்தது என நம்புகிறவர்களும் நிறையப் பேர். அது தவறு. கஷாயம் வடசொல். அந்த மொழியில் கசப்புக்குப் பெயர் திக்தம். மதுரம், அம்லம், லவணம், கடு, திக்தம், கஷாயம் என்று ஆயுர்வேதம் அடுக்கும் அறுசுவையில் கடைசியாக நிற்கும் கஷாயம், நாம் துவர்ப்பு என்று சொல்லும் சுவை.

உராய்தல், தேய்த்தல் என்ற பொருளுள்ள 'கஷ்' என்னும் வேரோடு இதைச் சேர்த்துச் சொல்வது மரபு. துவர்ப்பை உணர்ந்தவர்களுக்கு இது பொருத்தமாகவே படும். ஒரு துண்டு கடுக்காயை வாயில் போட்டு மென்று பாருங்கள். முதலில் சுவை என்று பெரிதாக ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் நாக்கு வறண்டு சொரசொரப்பாகும், கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடிக்கும். கடுக்காயிலுள்ள டானின் எச்சிலின் புரதங்களைப் பற்றி இறுக்குவதால் வரும் உணர்வு இது. அதே டானின்தான் தோலைப் பதனிடவும் உதவுகிறது. காற்றும் மண்ணும் மிகுந்த சுவை துவர்ப்பு, அது உலர்த்தும், இறுக்கும், குளிர்ச்சி தரும், பித்தத்தையும் கபத்தையும் தணித்து வாதத்தைக் கூட்டும் என்று ஆயுர்வேத நூல்கள் சொல்கின்றன. பஞ்சபூதக் கணக்கை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், உலர்த்துவது, இறுக்குவது என்ற இரண்டு சொற்களும் நாக்கில் நடப்பதை அப்படியே பிடித்துவிடுகின்றன.

சரி, ஒரு சுவையின் பெயர் எப்படி மருந்தின் பெயரானது? மரப்பட்டை, வேர், இலை, காய் இவற்றைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சினால் முதலில் இறங்குவது பெரும்பாலும் துவர்ப்புச் சாரம்தான். கூடவே செம்பழுப்பு நிறமும் இறங்கும். அந்தச் சாயத்தில் துணியைத் தோய்த்தால் காவித் துணி கிடைக்கும். 'காஷாயம் வாங்கிக்கொண்டார்' என்று துறவு பூண்டவரைச் சொல்கிறோமே, அந்தக் காஷாயம் இந்தக் கஷாயத்திலிருந்து பிறந்ததுதான். வேர், கட்டை, பட்டை, இலை, பூ, காய் ஆகிய ஆறிலிருந்தும் எடுத்த சாயங்களால் சீவரத்தை, அதாவது துறவுடையை, தோய்த்துக்கொள்ளப் புத்த பிக்குகளுக்கு அவர்களின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய நூல் இடம் தருகிறது. சமணரோ சினம், செருக்கு, வஞ்சம், பேராசை ஆகிய நான்கையும் கஷாயங்கள் என்பார்கள். உயிரில் சாயம்போலப் படிந்து வினையை ஒட்டவைப்பவை என்பது கருத்து.

இங்கே தமிழ்ச் சொல் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துவர் என்பதும் இதே தடத்தில் நடந்திருக்கிறது. துவர் என்றால் துவர்ப்பு. துவர் என்றால் சிவப்பும்கூட. காவி உடைக்குத் துவராடை என்று பெயர். சம்பந்தர் தேவாரத்தில் புத்தத் துறவிகளைக் குறிக்க இந்தத் துவர் ஆடை திரும்பத் திரும்ப வரும். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடும் இடத்தில் 'பத்துத் துவரினும்' என்று தொடங்கி, ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் (இரண்டும் மணப்பொருள்கள்) சேர்த்து 'ஊறின நன்னீர்' என்று இளங்கோ சொல்கிறார். துவர்ப்புச் சரக்குகளை ஊறவைத்த நீர் அது. குடிக்கும் மருந்தாக இல்லாமல் குளிக்கும் நீராக இருந்தாலும், சுவை, நிறம், சாரம் இறங்கிய நீர் என்று மூன்றையும் தமிழ் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறது. கஷாயத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்க வேண்டுமென்றால் துவர்தான் அதற்கு மிக நெருக்கம். ஆனாலும் மருந்துக்கு அந்தப் பெயர் நிலைக்கவில்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஆயுர்வேதத்துக்குள் கஷாயம் இன்னும் அகலமான சொல். பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை ஐந்து வகைக் கஷாயங்களைச் சொல்கிறது. பச்சை மூலிகையைப் பிழிந்த சாறு, ஸ்வரஸம். அரைத்தெடுத்த விழுது, கல்கம், தமிழில் கற்கம். காய்ச்சி வடித்தது சிருதம். இதற்கே குவாதம் என்றும் பெயர். இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து வடித்தது சீதம். கொதிநீரை ஊற்றி உடனே வடித்தது பாண்டம். காப்பிக்கு நாம் இறக்கும் டிகாக்ஷன் முறைப்படி பார்த்தால் இந்த வகையில்தான் சேரும். சாறுதான் வீரியம் மிகுந்தது, அதிலிருந்து படிப்படியாகக் குறைந்து பாண்டத்தில் வந்து நிற்கும். நோயாளியின் வலுவையும் நோயின் வலுவையும் பார்த்து இவற்றில் ஒன்றை வைத்தியர் தேர்ந்தெடுக்க வேண்டும். அறுசுவையில் உப்புக்கு மட்டும் இந்தக் குடும்பத்தில் இடமில்லை. உப்பைப் பிழிந்து சாறு எடுக்க முடியாது, காய்ச்சி வடித்தால் சக்கையும் மிஞ்சாது. எனவே கஷாயத்துக்கு மூலமாகிற சுவைகள் ஐந்தே என்று சரகர் கணக்குச் சொல்கிறார். இப்படி எடுத்த எல்லாமே துவர்க்கவேண்டிய கட்டாயமில்லை. நிலவேம்பைக் காய்ச்சினால் கசக்கத்தான் செய்யும்.

இந்த ஐந்தில் மூன்றாவதான குவாதம்தான் காலப்போக்கில் கஷாயம் என்ற பொதுப்பெயரைத் தனக்கே எடுத்துக்கொண்டது. இந்தியில் இன்று வழங்கும் 'காடா' இந்தக் குவாதத்தின் வழிவந்த சொல். காய்ச்சும் முறையைச் சார்ங்கதர சம்ஹிதை என்னும் ஆயுர்வேத நூல் தெளிவாக வரையறுக்கிறது: ஒரு பலம் சரக்கு, அதைப்போல் பதினாறு பங்கு தண்ணீர், மண் பாத்திரம், எட்டில் ஒரு பங்காகும்வரை காய்ச்சுதல். இன்றைய அளவில் பலத்தை ஏறக்குறைய 48 கிராம் என்று கொள்கிறார்கள். அப்படியானால் 768 மில்லி தண்ணீர் வற்றி 96 மில்லியாக வேண்டும். சரக்கின் தன்மையைப் பொறுத்து நான்கில் ஒன்றாக வற்றவைப்பதும் உண்டு. சரக்கை முழுசாகப் போட்டால் சாரம் இறங்காது, மாவாக இடித்தால் வடிகட்ட முடியாமல் கூழாகிவிடும். அதனால்தான் நம் வைத்தியர்கள் 'ஒன்றிரண்டாக இடித்து' என்பார்கள். அப்புறம், மூடி போடக் கூடாது. மூடிக் காய்ச்சிய நீர் எளிதில் செரிக்காது என்று நூல் காரணம் சொல்கிறது. திறந்திருந்தால்தான் நீரும் வற்றும்.

இனி, நல்ல தமிழில் என்ன சொல்வது? சித்த மருத்துவம் இதற்கு வைத்திருக்கும் பெயர் குடிநீர். பழைய வைத்தியப் பாடல்களில் கியாழம் என்றும் வரும். நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர் என்ற பெயர்கள் 2020 கொரோனா காலத்துக்குப் பிறகு எல்லோர் வாயிலும் புழங்குகின்றன. குடிநீர் எளிய, அழகான சொல். ஆனால் குழாயில் வரும் தண்ணீருக்கும் இன்று அதுதானே பெயர்? தனியாகக் 'குடிநீர்' என்று எழுதினால் மருந்து என்று யாருக்கும் தோன்றாது. அதனால் மூலிகையின் பெயரையோ நோயின் பெயரையோ முன்னே வைத்து எழுதினால் குழப்பமில்லை: ஆடாதோடைக் குடிநீர், சுரக் குடிநீர். பொதுவாகச் சொல்லும்போது மருந்துக் குடிநீர் எனலாம். துவர் என்று சொன்னால் இப்போது சுவை மட்டும்தான் நினைவுக்கு வரும் என்பதால் அதைச் சுவைக்கே விட்டுவிடலாம். சரகரின் ஐந்தையும் சேர்த்துப் பேசும் இடத்தில் மட்டும் கஷாயம் என்றே எழுதுவதுதான் நேர்மை. அங்கே குடிநீர் என்று போட்டால் சாறும் கற்கமும் வெளியே போய்விடும்.

மருந்துக்கடையில் வாங்கும் பொட்டலத்தில் 'நிலவேம்புக் குடிநீர்ச் சூரணம்' என்று போட்டிருக்கும். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்கு சேர்ந்தது. சூரணம் என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டுச் சிலர் அதை வெந்நீரிலோ தேனிலோ கலக்கி அப்படியே விழுங்கிவிடுகிறார்கள். குடிநீர்ச் சூரணம் என்றால் குடிநீர் காய்ச்சுவதற்கான இடிசரக்கு. தண்ணீர் ஊற்றிக் காய்ச்சி, வற்றவைத்து, வடித்து, சக்கையை எறிந்துவிட்டு, நீரை மட்டும்தான் குடிக்க வேண்டும். தேன் சேர்க்கச் சொல்லியிருந்தால் சூடு ஆறிய பிறகே சேர்க்க வேண்டும். எவ்வளவு, எத்தனை நாள் என்பதை வைத்தியர் சொல்ல வேண்டும். காலையில் காய்ச்சியதை மறுநாளைக்கு எடுத்துவைக்கக் கூடாது, அன்றன்றைக்குப் புதிதாகக் காய்ச்சிக்கொள்ள வேண்டும்.