ஆட்டை யார் பார்ப்பது?

கடலோர ஊர்களில் பேரிடர் பயிற்சி கொடுப்பது என் வேலை. 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் என்ன அர்த்தம் என்று முதலில் கேட்பேன். "மூணுதானே, ஒண்ணும் ஆகாது" என்று பாதிப் பேர் சொல்வார்கள். அந்தக் கூண்டு கப்பல்காரர்களுக்கானது. எண் ஏறும்போதெல்லாம் அபாயம் ஏறுகிறது என்றும் இல்லை; 8, 9, 10 மூன்றுமே பெரும் அபாயம்தான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரை கடக்கும் என்பதில்தான் வித்தியாசம். கரையில் இருக்கும் நாம் பார்க்க வேண்டியது வானிலை மையம் தரும் எச்சரிக்கையின் நிறத்தை. மழைக்கு ரெட் அலர்ட் என்றால் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டலாம்.

நிலநடுக்கம் சொல்லிக்கொண்டு வராது. சுனாமி கொஞ்சம் அவகாசம் தரும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் கிளம்பிய அலை நாகப்பட்டினம் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அப்போது நம்மிடம் சொல்லத்தான் ஏற்பாடு இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007இல். புயலோ நாலைந்து நாள் முன்பே தெரிந்துவிடுகிறது. ஒடிசாவில் 1999 புயலில் செத்தவர்கள் சுமார் 10,000 பேர். 2013 பைலின் புயலுக்கு முன் 10 லட்சம் பேர்வரை அப்புறப்படுத்தினார்கள்; உயிரிழப்பு ஐம்பதைத் தாண்டவில்லை.

சரி, தெரிந்தால் மட்டும் கிளம்பிவிடுகிறார்களா? 2018 நவம்பர் 15, கஜா புயல் கரையேறுவதற்கு முந்தைய சாயங்காலம். வேதாரண்யம் பக்கம் ஓர் ஆச்சி திண்ணையை விட்டு நகரவில்லை. ரேஷன் கார்டு, பட்டா எல்லாம் பாலித்தீன் பையில் சுற்றி மடியில் தயாராக இருந்தது.

"நான் வந்துட்டா ஆட்டை யாரு தம்பி பாப்பா?"

நாலு ஆடு. முகாமில் ஆட்டுக்கு இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்துப் பள்ளிக்கூட வராந்தாவில் கட்டலாம் என்று பேசி முடித்த பிறகுதான் எழுந்தார். ஆட்டை முன்னால் விட்டுத்தான் நடந்தார். பிடிவாதக்காரி என்று உடன் வந்தவர் முணுமுணுத்தார். எனக்கு அப்படிப் படவில்லை. அவருடைய சேமிப்பு முழுவதும் நாலு காலில் நிற்கிறது. கைக்குழந்தைக்காரிகளுக்கு வேறு கவலை. அவர்கள் முதலில் கேட்டது, முகாம் கக்கூஸில் லைட் எரியுமா என்று.

முகாமுக்குப் போனவர்களுக்கும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். காற்று சட்டென்று அடங்கினால் வெளியே போகாதீர்கள். புயலின் கண் உங்கள் தலைக்கு மேல் இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும். விழுந்த கூரையைப் பார்க்கப் போகிறவர்கள் அப்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

இப்போதெல்லாம் ஒத்திகைப் படிவத்தின் அடியில் பேனாவால் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன்: ஆடு மாடு எத்தனை, எங்கே கட்டுவது?